புரோட்டியாவைப் பட்டினி போடுங்கள்

கேள்வி: போன ஏப்ரலில் நர்சரியில் ‘பிங்க் ஐஸ்’ ரகப் புரோட்டியா பூச்செடி ஒன்று வாங்கி வீட்டு முன்புறம் நட்டோம். நன்றாகத்தான் இருந்தது. ஊரிலிருந்து வந்த என் மாமியார், செடி நோஞ்சானாக இருக்கிறதென்று அடியில் கோழி எரு வைத்தார். மீன் கழுவிய தண்ணீரையும் அங்கேதான் ஊற்றுகிறார். இப்போது பழைய இலைகளின் ஓரம் கருகுகிறது, தளிர் வெளுத்து மஞ்சளாக வருகிறது. எரு போதவில்லையா?
– ஒரு வாசகி, டாண்டினாங், மெல்பர்ன்

பதில்: போதவில்லையாவா! உங்கள் செடிக்கு அஜீரணம் அம்மா. மாமியாரைக் கோபிக்காதீர்கள், முருங்கைக்கும் கத்தரிக்கும் அவர் செய்தது சரிதான். ஆனால் புரோட்டியாவின் ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. அங்கே மலைச்சரிவில் மணற்பாறை கரைந்து உண்டான மண், புளிப்புத்தன்மை உள்ளது, சத்து என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த மண்ணில் அரிதாகக் கிடக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸைச் சுரண்டி எடுக்கத்தான் இதற்குக் கொத்துக் கொத்தாக மெல்லிய வேர்கள். மண்ணின் மேல்பரப்பை ஒட்டியே இருக்கும். பாஸ்பரஸ் கிடைத்தால் இழுத்துக்கொள்ளத் தெரியும், போதுமென்று நிறுத்தத் தெரியாது. அது இலையில் சேர்ந்துதான் ஓரம் கருகுகிறது. இரும்புச் சத்தும் தடைபடுகிறது, அதனால் தளிர் மஞ்சளாகிறது. கோழி எருவிலும் எலும்புத் தூளிலும் மணிச்சத்து ஏராளம்.

எருவைக் கையாலேயே மெதுவாக வழித்து எடுத்துவிடுங்கள். களைக்கொத்தி பக்கத்திலேயே வரக்கூடாது, வேர் அறுந்தால் இதற்குத் தாங்காது. பிறகு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். இரும்புச் சத்துக் கரைசல் கடையில் கிடைக்கும், டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கொடுங்கள். வேறு எதுவும் வேண்டாம். புதுத் தளிர் பச்சையாக வந்தால் பிழைத்தது. இனி உரம் போட்டே ஆகவேண்டுமென்று கை துறுதுறுத்தால், ஆஸ்திரேலியச் செடிகளுக்கென்று விற்கும் மணிச்சத்து குறைந்த உரத்தில் ஒரு சிட்டிகை, வசந்தத்தில், வருஷத்துக்கு ஒரு தடவை. அடுப்புச் சாம்பல் கூடாது, அது மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும்.

இன்னொரு சந்தேகம். உங்கள் பக்கம் களிமண்தானே? குழி தோண்டி அதில் தண்ணீரை நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அந்த இடத்தில் புரோட்டியா நிலைக்காது, வேரழுகல் நோய் கொண்டுபோய்விடும். குழிக்குள் மணல் போட்டால் சரியாகுமென்று சிலர் சொல்வார்கள். ஆகாது, சுற்றியிருக்கும் தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள்ளேதான் வந்து தேங்கும். அடுத்த செடியை முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில், மார்ச்–ஏப்ரலில் வையுங்கள். மேலே பட்டைத் துண்டு மூடாக்கு, தண்டை ஒட்டாமல். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் காட்டினால் போதும், அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு கிங் புரோட்டியாவும் ஒரு சாதாரணப் புரோட்டியாவும் இருக்கின்றன. இரண்டும் கன்னாபின்னாவென்று வளர்ந்துவிட்டன. தரையோடு வெட்டினால் துளிர்க்குமா?
– வாசகர், சிட்னி

பதில்: கிங் துளிர்க்கும். அதன் அடியில் மண்ணுக்குள் பருத்த கட்டை ஒன்று இருக்கிறது. காட்டுத் தீயில் மேலே எல்லாம் எரிந்தாலும் அந்தக் கட்டையிலிருந்து கிளம்பி வரும். மற்றதில் பெரும்பாலும் அப்படி இல்லை. இலை இல்லாத பழைய மரத்தில் வெட்டினீர்களென்றால் அது விறகுதான். பூ முடிந்ததும் அந்தக் கிளையில் ஒரு சாண் இலையோடு விட்டு, மேலே நறுக்குங்கள். ஜாடிக்காகப் பூவை வெட்டுவதே நல்ல கவாத்து. காய்ந்த பூவைச் செடியிலேயே விட்டு அழகு பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை, செடி நெடுநெடுவென்று போய் அடி மொட்டையாகிவிடும்.

கேள்வி: தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரர்கள் சட்டையில் இருக்கும் பூச்செடியை மொட்டைமாடியில் வளர்க்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: அதுவும் புரோட்டியாதான், வேண்டாம். ராத்திரியும் குறையாத புழுக்கம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிய தொட்டி, இரண்டும் இதற்கு எமன். ஆன்லைனில் விதை விற்பவர்கள் எதையும் சொல்வார்கள். அதன் உறவுக்கார மரத்தைப் பார்க்க ஆசையென்றால் ஊட்டிக்குப் போங்கள். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் புரோட்டியா குடும்பம்தான், கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பூவே வேண்டுமென்றால் பெரிய பூக்கடையில் சொல்லி வைத்து வாங்குங்கள். ஜாடியில் பல நாள் நிற்கும், தலைகீழாகக் கட்டிக் காயவைத்தால் உருவம் கெடாமல் அப்படியே இருக்கும்.