ஆணி எங்கை அடிக்கிறது?

கேள்வி: ஐயா, கனடாவில் மகளிடம் போயிருந்தபோது ஒட்டாவா ஆற்றங்கரையில் ஒரு அருங்காட்சியகம் பார்த்தோம். சுவர் எல்லாம் அலை மாதிரி வளைந்து போகிறது. "மேசன் மட்டம் பிடிக்காமல் கட்டிப்போட்டான்" என்று எங்கள் வீட்டுக்காரர் பகிடி பண்ணுகிறார். யார் கட்டினது?
– ஒரு வாசகி, கோப்பாய்

பதில்: பகிடி நல்லாயிருக்கு. ஆனால் அந்த வளைவுக்குக் கணக்குப் பார்த்த பாடு கொஞ்சநஞ்சமில்லை, தங்கச்சி.

நீங்கள் பார்த்தது 1989இல் திறந்த கனேடிய வரலாற்று அருங்காட்சியகம். வடிவமைத்தவர் டக்ளஸ் கார்டினல். 1934இல் கல்கரியில் பிறந்த பூர்வகுடிக் கட்டடக் கலைஞர். வன்கூவரில் தொடங்கிய படிப்பை இடையில் விட்டு, 1963இல் ரெக்சாஸில் பட்டம் வாங்கினார். பனிப்பாறையும் காற்றும் ஆறும் செதுக்கிய நிலத்தைத்தான் அந்தச் சுவர்களில் கொண்டுவந்தார்.

நானும் வீட்டுப்படம் கீறிப் பிழைத்தவன். எங்கள் மேசன்மாருக்கு வட்டக் கிணறு தண்ணி பட்ட பாடு: நடுவில் ஒரு ஆணி, அதில் ஒரு கயிறு, சுற்றிவர ஒரே தூரம். ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு வீட்டு விறாந்தைக்கு அலைச்சுவர் கீறிக் கொடுத்தேன். மேசன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு ஆணி எங்கை அடிக்கிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கார்டினலின் சுவர்களுக்கும் ஒற்றை நடு கிடையாது. 1968இல் றெட் டியர் என்ற ஊரில் அவர் செங்கல்லில் வளைத்துக் கட்டிய புனித மரியாள் தேவாலயத்தின் கூரை, கம்பிவடத்தில் தொங்கும் கொங்கிறீற். அதைக் கையால் கணக்கிட்டு முடியாதென்று அந்தக் காலத்திலேயே கொம்பியூட்டரைப் பிடித்தார். பெயர் எடுத்துக் கொடுத்ததும் அந்தத் தேவாலயந்தான்.

அருங்காட்சியகச் சுவரைக் கிட்டப்போய்ப் பார்த்தீர்களா? மனிற்றோபாவில் வெட்டிய சுண்ணாம்புக்கல். சுமார் 45 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலுயிர்களின் அச்சு அதில் தெரியும். எங்கள் கிணற்றுக் கல்லில் சிப்பி தெரிகிற மாதிரி.

எல்லாம் சுமுகமாகவும் போகவில்லை. வாஷிங்டனில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசிய அருங்காட்சியகத்தை வடிவமைத்தபோது தகராறு வந்து, 1998இல் அவரை வேலையிலிருந்தே நீக்கினார்கள். 2004இல் திறந்தபோது வெளியே நின்றது அவருடைய வளைவுதான். ஆளை விலக்கலாம், வடிவத்தை எப்படி விலக்குவது?

அந்த விறாந்தையா? கடைசியில் நேர்ச்சுவர்தான் எழும்பியது. வீட்டுக்காரருக்குப் பரம திருப்தி.