தோட்டத்துப் பிள்ளைக்கு மேலைநாட்டு ஓவிய வரலாறு எதற்கு?

கேள்வி: படிவம் 4இல் பயிலும் என் மகள் காட்சிக்கலைப் பாடத்தை எடுத்திருக்கிறாள். இப்போது மேலைநாட்டு ஓவிய வரலாற்றையும் முறையாகப் படிக்க வேண்டும் என்கிறாள். அவள் காட்டும் படங்களில் பாதி மாதாவும் ஏசுவுமாக இருக்கின்றன. ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்து என்ன பயன்? செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துக்கு இது தேவைதானா?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே 1857இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த ‘கதிர் பொறுக்குவோர்’ என்ற ஓவியத்தைத் தங்கள் மகளிடம் காட்டச் சொல்லுங்கள், அம்மா. அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள் குனிந்து சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். வெகு தொலைவில் கதிர்ப்போர்கள் குவிந்து கிடக்க, குதிரைமேல் அமர்ந்த மேற்பார்வையாளர் ஒருவர் சிறு உருவமாகத் தெரிகிறார். குலை வெட்டிய பின் உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கும் பெண்களை அன்றாடம் பார்ப்பவருக்கு அந்த முதுகுகளைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால், கடவுளருக்கும் வீரர்களுக்கும் ஓவியர்கள் கொடுத்துவந்த கம்பீரத்தை மில்லே ஏழைப் பெண்களுக்குக் கொடுத்ததும், பிரான்சில் 1848ஆம் ஆண்டு நடந்த புரட்சியை மறக்காத வசதி படைத்தவர்கள் அதைக் கண்டு கலங்கியதும் ஏன் என்று அறியத்தான் வரலாறு வேண்டியிருக்கிறது.

மனப்பாடம் பற்றிய தங்கள் கவலை நியாயமானதே. ஆண்டுகளைத் தனியே உருப்போட்டால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். காரணத்தோடு சேர்த்துப் படித்தால் தங்கும். 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் எண்ணெய் வண்ணத்தைத் தகரக் குழாயில் அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வண்ணங்களைத் திறந்தவெளிக்கு எடுத்துச் செல்வது எளிதாயிற்று; பிரெஞ்சு ஓவியர் மோனே 1872ஆம் ஆண்டைக் குறித்து வரைந்த துறைமுகச் சூரியோதயம் 1874இல் காட்சிக்கு வந்து, கணநேர ஒளியையும் வண்ணத்தையும் பிடிக்க முயலும் ‘இம்ப்ரஷனிஸம்’ என்ற ஓவியப் பாணியின் பெயருக்கே காரணமாயிற்று.

மாதா படங்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம், பல நூற்றாண்டுகள் ஓவியர்களுக்கு வேலை கொடுத்த முதன்மைப் புரவலர் திருச்சபையாக இருந்ததே. இத்தாலியின் பாடுவா நகரத்துச் சிற்றாலயத்தில் ஓவியர் ஜோட்டோ 1305 வாக்கில் வரைந்த சுவரோவியங்களைப் படிக்க மதம் மாற வேண்டியதில்லை. கதை தெரிந்தால் போதும். வேலையும் மயிலையும் கண்டு முருகனை அறிவதுபோல, சாவியைக் கண்டால் ஏசுவின் சீடர் பேதுரு என்று அறியலாம்.

கைப்பேசியில் படம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 77 சென்டிமீட்டர் உயரமுள்ள மோனா லிசாவுக்கு எதிரே, வெரொனேசே வரைந்த ஏறத்தாழ 10 மீட்டர் அகலமுள்ள ‘கானாவூர்த் திருமணம்’ தொங்குகிறது. திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தோன்றும் என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் நீள அகலத்தைக் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை மகளுக்கு ஏற்படுத்துங்கள்.

தேவைதானா என்று கேட்டீர்கள். கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கு அவளை ஒருமுறை அழைத்துச் செல்ல முடிந்தால் நல்லது. லண்டனில் பயின்ற சையட் அகமட் ஜமால், மேற்கு பெர்லினில் பயின்ற லத்திப் மொஹிடின் ஆகிய நம் நாட்டு ஓவியர்கள் அங்கே கற்றதில் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்பதை உணர மேலைநாட்டு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். இதை மட்டும் படித்தால் உடனே வேலை கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கட்டடக் கலை, வரைகலை, ஆசிரியப் பணி ஆகியவற்றை நாடும் மாணவருக்கு இது கைகொடுக்கும். ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்விலும் காட்சிக்கலை ஒரு பாடமாக உள்ளது. தங்களுக்கு அருகிலுள்ள ஆறாம் படிவ மையத்தில் அது கற்பிக்கப்படுகிறதா என்பதை ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடியும்வரை காத்திராமல் இப்போதே பள்ளியில் விசாரித்துவிடுங்கள்.