தலைமறைவுப் போராளிகள் பற்றிய போர்ப் படங்களில் எதைப் பார்க்கலாம்?

இரண்டாம் உலகப் போர்க்கால பார்ட்டிசான்கள் (நாஜிப் படையைக் காடுகளில் ஒளிந்து எதிர்த்தவர்கள்), எதிர்ப்பியக்கத்தினர் பற்றி நல்ல படங்கள் கேட்டிருக்கிறீர்கள். கூடவே சண்டைக் காட்சிகள் பிரமாதமாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த இரண்டாவது நிபந்தனையை மட்டும் எடுத்துவிடுங்கள். இந்த வகையின் மிகச் சிறந்த படங்களில் துப்பாக்கி வெடிப்பதே குறைவு.

ராணுவத்துக்குப் பின்னால் சமையல்கூடமும் மருத்துவமனையும் வருகின்றன, காட்டில் ஒளிந்திருப்பவனுக்கோ எல்லாமே பக்கத்துக் கிராமத்திலிருந்துதான் வந்தாக வேண்டும், அப்படிக் கொடுத்தது தெரிந்தால் நாஜிப் படை அந்த வீட்டை மட்டுமல்ல, ஊரையே கொளுத்தக்கூடும். அதனால் ஒரு போராளி கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவருக்கு அவன் காவலனா எமனா என்றே தெரியாது. இந்தச் சிக்கலைத் தொடுகிற படம்தான் எனக்கு உண்மையான பார்ட்டிசான் படம்.

அதை எல்லோரையும்விட ஆழமாகத் தொட்டவர் லாரிசா ஷெபித்கோ. அவருடைய 'தி அசென்ட்' 1977-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கியது. வசில் பிகவ் எழுதிய கதை, களம் பெலாரஸ், கடும் பனிக்காலம். பசியில் வாடும் ஒரு குழு, உணவு தேடி வர இரண்டு பேரை அனுப்புகிறது. ஊர்த் தலைவர் வீட்டில் ஓர் ஆடு கிடைக்கிறது, அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும் வழியில் குண்டடி. அந்த இருவரில் காயம்பட்ட சோத்னிகவை மற்றவரான ரிபாக் பனியில் இழுத்துக்கொண்டு போகும் காட்சி நீண்டுகொண்டே போகும், பார்க்கிற நமக்கே மூச்சு வாங்கும். அப்புறம் குழந்தைகளோடு தனியாக இருக்கும் ஒரு தாயின் வீட்டுப் பரணில் ஒளிகிறார்கள். தேடி வந்தவர்கள் கீழே நிற்கும்போது சோத்னிகவுக்கு இருமல் வருகிறது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, வெறும் இருமல்தான், ஆனால் அந்தத் தாயின் வாழ்க்கை அதோடு போயிற்று. அதற்குப் பிறகு வரும் விசாரணைப் பகுதியை நான் சொல்லப் போவதில்லை. இவ்வளவு நேரம் நண்பனைச் சுமந்து வந்த ரிபாக் கோழையே அல்ல என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஷெபித்கோவின் கணவர் எலெம் கிளிமவ் எடுத்ததுதான் 1985-இல் வந்த 'கம் அண்ட் சீ'. இதுவும் பெலாரஸ்தான். திரைக்கதையில் பங்காற்றிய அலெஸ் அதமோவிச் பதின்ம வயதில் தானே பார்ட்டிசானாக இருந்தவர், அந்த அனுபவத்தின் சுவடு படம் முழுக்கத் தெரியும். மணலைத் தோண்டித் துப்பாக்கி எடுத்து ஆசையாசையாகக் காட்டுக்குப் போகும் சிறுவன் ஃப்ளோரா, நம் கண்முன்னே கிழவனாகிறான். அங்கே ஆடு என்றால் இங்கே பசு: பட்டினி கிடக்கும் மக்களுக்காக அவன் ஓட்டி வரும் பசு இருட்டில் பாயும் தோட்டாக்களில் சாகிறது. பெலாரஸில் 628 கிராமங்கள் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன என்று கடைசியில் திரையில் எழுத்து வரும். அதைப் படிக்கிறபோது அது வெறும் எண்ணாக இருக்காது, ஏனென்றால் அப்படி ஒரு கிராமத்துக்குள் அதற்குள் நீங்கள் இருந்திருப்பீர்கள்.

நகரத்தில் ஒளிவது வேறு கதை. ழான் பியர் மெல்வில்லின் 'ஆர்மி ஆஃப் ஷேடோஸ்' (1969) பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தைப் பற்றியது, அவரும் அதில் இருந்தவர். நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவிடமிருந்து தப்பி ஓடும் நாயகன் ஜெர்பியே ஒரு சவரக்கடைக்குள் நுழைகிறார், சுவரில் நாஜிகளோடு ஒத்துழைத்த பிரெஞ்சு ஆட்சித் தலைவர் பெத்தானை ஆதரிக்கும் சுவரொட்டி. கத்தி கழுத்தில் இருக்கிறது, இருவரும் பேசவில்லை. சவரம் முடிந்ததும் அந்தக் கடைக்காரர் வேறொரு கோட்டை எடுத்து நீட்டுகிறார், அவ்வளவுதான். அதே படத்தில், குழுவைக் காட்டிக்கொடுத்த இளைஞனைக் கொல்ல ஒரு வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள், பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்துவிட்டதால் துப்பாக்கி சுட முடியாது, எப்படிக் கொல்வது என்று அவன் எதிரிலேயே பேசிக்கொள்கிறார்கள். யாருக்கும் கொன்று பழக்கமில்லை. நல்ல நோக்கத்துக்காகப் போராடுகிறவர்களின் கை எவ்வளவு நடுங்கும் என்பதை இதைவிட நேர்மையாகக் காட்டிய காட்சி எனக்குத் தெரியவில்லை.

'டிஃபையன்ஸ்' (2008) பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். பியெல்ஸ்கி சகோதரர்கள் பெலாரஸின் நலிபோக்கி காட்டில் முதியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்துச் சுமார் 1,200 யூதர்களைக் காப்பாற்றியது மகத்தான வரலாறு. காட்டுக்குள் பட்டறைகளும் ரொட்டி அடுப்பும் வைத்து ஓர் ஊரையே நடத்தினார்கள். படமோ இதை ஓரமாகத் தொட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடுகிறது, அதுதான் என் வருத்தம்.

உங்களுக்குச் சண்டையும் கட்டாயம் வேண்டும் என்றால் ஆந்த்ரே வாய்தாவின் 'கனால்' (1957) பாருங்கள். நாஜிகளுக்கு எதிராகப் போலந்தின் தலைநகரில் நடந்த 1944 வார்சா எழுச்சியின் கடைசி நாட்கள், முதலில் இடிபாடுகளுக்கு நடுவே மோதல், பிறகு சாக்கடைச் சுரங்கத்துக்குள் தப்பியோட்டம். இவர்களின் வாழ்வில் இவை கடைசி மணி நேரங்கள் என்று ஆரம்பத்திலேயே ஒரு குரல் சொல்லிவிடும், அப்படியும் அவர்கள் வெளியே வந்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும்.

'ஆர்மி ஆஃப் ஷேடோஸ்' தொடங்கி 'தி அசென்ட்' போங்கள். 'கம் அண்ட் சீ'யைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டாம்.