பி.எஸ்.டி. ஃபைலை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எடுத்தால் லேயர்கள் ஏன் வருவதில்லை?

போட்டோஷாப்பில் ஐம்பது லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின தனித்தனிப் படம்) வைத்துச் செய்த பி.எஸ்.டி. ஃபைல், படத்தை அசைய வைக்கிற ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இழுத்துப் போட்டால் ஒரே படமாக ஒட்டிக்கொண்டு வருகிறது, ஃபைல் கெட்டுவிட்டதா, வேறு சாஃப்ட்வேருக்கு மாறிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபைல் கெடவில்லை, மாறவும் வேண்டாம். இழுத்துப் போட்டதும் ஒரு சின்னப் பெட்டி வந்திருக்கும். அதில் இம்போர்ட் கைண்ட் என்ற இடத்தில் ஃபுட்டேஜ் என்றும், அதற்குக் கீழே மெர்ஜ்டு லேயர்ஸ் என்றும் இருந்திருக்கும், நீங்கள் படிக்காமல் ஓகே கொடுத்திருப்பீர்கள். புதிதாக வருகிற எல்லாரும் அப்படித்தான் கொடுக்கிறோம். ஃபுட்டேஜ் என்பதை மாற்றி, கம்போசிஷன் - ரீட்டெய்ன் லேயர் சைசஸ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கூடவே எடிட்டபிள் லேயர் ஸ்டைல்ஸா, ஸ்டைலைப் படத்தோடு சேர்த்துவிடவா என்று கேட்கும். நிழலையும் அவுட்லைனையும் அப்புறம் மாற்றப் போவதில்லை என்றால் சேர்த்துவிடுங்கள், வேகமாக ஓடும். ஏற்கெனவே ஒரே படமாக எடுத்து டைம்லைனில் போட்டுவிட்டீர்களா, அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து லேயர் மெனுவில் கிரியேட், அதற்குள் கன்வெர்ட் டு லேயர்டு காம்ப் கொடுத்தால் பிரிந்துவிடும்.

கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இதைத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை, ஏனென்றால் இந்தப் பெட்டியில் தப்பானதைத் தொட்டதற்காக நான் ஒரு ஊரே பார்க்கத் தலைகுனிந்து நின்றிருக்கிறேன்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஒன்பது வருஷம் டிசைனராக இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, நினைவஞ்சலி, கொடை விழா என்று போட்டோஷாப் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஒரு சித்திரையில் அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்க்காரர்கள் சுடலைமாடசாமி கொடைக்கு பத்துக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸ் அடிக்க வந்தார்கள். அடித்துக் கொடுத்தோம். பந்தல் பக்கத்தில் எல்.இ.டி. திரை வைக்கிறோம், இதே படத்தில் சாமி கையில் இருக்கிற அருவா ஓங்கி இறங்குகிற மாதிரி ஒரு நிமிஷம் ஓடணும் என்றார்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸை அப்போதுதான் ஒரு மாசமாக வீட்டில் லேப்டாப்பில் பழகிக்கொண்டிருந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் தப்பு, கடை ஃபைலை அப்படியே எடுத்தது. பத்துக்கு எட்டு அடியை 72 டி.பி.ஐ.யில் வைத்தால் 8640க்கு 6912 பிக்சல். ஒரு லேயரை முழு அளவில் விரித்தாலே கிட்டத்தட்ட 239 மெகாபைட் நினைவகம் கேட்கும். அதில் அறுபது லேயர், பாதிக்கு மேல் விழாக் கமிட்டிக்காரர்கள் முகம். என் லேப்டாப்பில் மொத்தமே 8 ஜி.பி. ராம். ஒரு ஃப்ரேம் நகர்வதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இவ்வளவுக்கும் திரைக்குத் தேவை 1920க்கு 1080 மட்டும்தான். வீடியோவில் டி.பி.ஐ.க்கு வேலையே கிடையாது, பிக்சல் கணக்கு மட்டும்தான். நகல் ஒன்று எடுத்து, அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. நிறத்தில் இருந்தால் திரைக்கான ஆர்.ஜி.பி.க்கு மாற்றி, போட்டோஷாப்பிலேயே சின்னதாக்கி, அகலத் திரைக்கு ஏற்ற மாதிரி அடுக்கிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வர வேண்டும்.

இரண்டாவது, நான் ரீட்டெய்ன் லேயர் சைசஸ் கொடுக்காமல் வெறும் கம்போசிஷன் என்பதைக் கொடுத்திருந்தேன். இரண்டிலும் லேயர் பிரிந்துதான் வரும், பார்க்க வித்தியாசமே தெரியாது. ஆனால் வெறும் கம்போசிஷனில் ஒவ்வொரு லேயரும் முழுப் படத்தின் அளவிலேயே இருக்கும், ஆங்கர் பாயின்ட், அதாவது லேயர் சுழல்கிற அச்சுப்புள்ளி, படத்தின் நட்டநடுவில் இருக்கும். கையைச் சுழற்றினால் தோளை விட்டுக் கழன்று படத்தின் நடுப்புள்ளியைச் சுற்றி வரும். வீட்டில் லேப்டாப் திணறின திணறலில் முழுசாக ஓடவிட்டுப் பார்க்க முடியவில்லை. ராத்திரி முழுக்க ரெண்டர் போட்டு, காலையில் அப்படியே பென் டிரைவில் கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரையில் போட்டார்கள். சாமி கை அருவாளோடு உடம்பை விட்டுத் தனியாகப் பறந்து காலடிக்குப் போனது. பந்தலில் பெண்கள் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பி, “என்னடே தம்பி, சாமி காரியத்துல இப்படியா செய்வ?” என்று கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வருத்தமாகக் கேட்டார். எங்கள் வீட்டுக்கும் சுடலைதான் குலசாமி.

ரீட்டெய்ன் கொடுத்திருந்தால் ஒவ்வொரு லேயரும் தன் அளவில் வரும், ஆங்கர் பாயின்ட் அந்தந்தப் படத்தின் நடுவில் நிற்கும். ஒய் கீயை அழுத்தி அதைத் தோள்மூட்டுக்கு இழுத்து வைத்து, கையை உடம்புக்கு பேரன்ட் செய்துவிட்டால், அதாவது உடம்போடு சேர்ந்து நகரும்படி இணைத்துவிட்டால் முடிந்தது. வானம், மலை மாதிரி அசையாத பின்னணிக்கு எதை எடுத்தாலும் ஒன்றுதான், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கை, கால், வாகனம் அசைய வேண்டும் என்றால் ரீட்டெய்ன்தான். அனுபவஸ்தர்கள் வேறு வழி வைத்திருப்பார்கள், நான் சொல்வது புதிதாக வருகிறவருக்கு.

அதே வீடியோவில் ஊர்ப் பெயரும் கெட்டுப்போயிருந்தது. கடையில் இன்னமும் யூனிகோடு வராத பழைய தமிழ் ஃபான்ட்தான் ஓடுகிறது. எழுத்தை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கன்வெர்ட் டு எடிட்டபிள் டெக்ஸ்ட் கொடுத்தேன், அந்த ஃபான்ட் லேப்டாப்பில் இல்லை, ஊர்ப் பெயர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு அதை நான் கவனிக்கவில்லை. அதனால் தமிழ் எழுத்து இருந்தால் நகல் ஃபைலில் போட்டோஷாப்பிலேயே ராஸ்டரைஸ் செய்து, அதாவது எழுத்தைப் படமாக்கிவிட்டு எடுங்கள், படமாகவே அசையட்டும்.

இன்னொன்று, இது உங்களுக்குக் கட்டாயம் நடக்கும். எல்லாம் முடிந்த பிறகு, “தம்பி, மருமகன் துபாய்ல இருந்து வந்திருக்காரு, அவரு படத்தையும் சேத்துரு” என்று போன் வரும். போட்டோஷாப்பில் புது லேயர் சேர்த்து சேவ் செய்தால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வராது. ரீலோட் ஃபுட்டேஜ் கொடுத்தால் ஏற்கெனவே இருக்கிற லேயரில் செய்த மாற்றம் மட்டும்தான் வரும். அந்த ஃபைலை மறுபடியும் ஃபுட்டேஜாக இம்போர்ட் செய்து, அதே பெட்டியில் மெர்ஜ்டு லேயர்ஸுக்குப் பதில் சூஸ் லேயர் கொடுத்து, அந்தப் புது லேயரை மட்டும் எடுத்து டைம்லைனில் போட வேண்டும். பழைய லேயர் எதையும் அழித்துவிடாதீர்கள், இங்கே மிஸ்ஸிங் என்று நிற்கும். போட்டோஷாப்பில் குரூப் போட்டு வைத்த லேயர்கள் தனி காம்ப்பாக (கம்போசிஷனாக) உள்ளே வரும், டபுள் கிளிக் செய்து பாருங்கள், லேயர் காணாமல் போனதாகப் பயப்பட வேண்டாம். லேயர் 47 காப்பி 3 என்று பெயர் வைத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள், வலதுகை, அருவா என்று வைத்துவிடுங்கள்.

சொல்ல வந்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். மேளக்காரர்களுக்கும் வில்லிசைக்காரர்களுக்கும் சவுண்ட் செட்டுக்கும் அன்றைக்கே வெற்றிலை பாக்கோடு பணம் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை, விடிய விடிய உழைக்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும். டிசைனருக்கு மட்டும் ஏன் “கணக்கு முடிக்கையில பாப்போம்” என்கிறார்கள்? நானும் விடிய விடியத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டரே எல்லாம் செய்கிறது என்ற நினைப்பு. இப்போது பாதிப் பணம் முன்னால் வாங்காமல் ஃபைலைத் திறப்பதில்லை, அதற்காக என்னைத் திமிர் பிடித்தவன் என்று இரண்டு கமிட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும்.

அடுத்த வருஷம் அதே ஊருக்கு நானாகவே போய்க் கேட்டு, காசு வாங்காமல் அந்த வீடியோவைத் திருப்பிச் செய்து கொடுத்தேன். கை தோளில் நின்று அருவா இறங்கியது. அந்தப் பெரியவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, திருநீறு எடுத்து எனக்குப் பூசிவிட்டார்.

நீங்கள் அந்த ஃபைலை நகல் எடுத்து, அளவு எத்தனைக்கு எத்தனை பிக்சல் என்று முதலில் பாருங்கள். ரீட்டெய்ன் கொடுத்த பிறகும் லேயர் வரவில்லை என்றால் போட்டோஷாப் லேயர் பேனலை ஒரு படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.