டொக்டரைக் கேளுங்கள்: கஞ்சாவும் பதகளிப்பும்

கூட்டாளிகளோடு முதல்முறை இழுத்தேன். நெஞ்சு படபடத்தது, செத்துப்போவேன் என்று நினைத்தேன். இதய வருத்தமா? (கோண்டாவில்)

வயதையும் எழுதவில்லை, எவ்வளவு என்றும் எழுதவில்லை. இரண்டும் இல்லாமல் என்ன சொல்வது? பெரும்பாலும் இது பதகளிப்புத்தான். கஞ்சாவில் வெறியைத் தருகிற டிஎச்சி (THC) ஏறியதும் நாடி நிமிடத்துக்கு 20, 30 கூடும். பயம் அதை இன்னும் கூட்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இறங்கிவிடும். நெஞ்சு நோவோ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேசிக்காய்ச் சாறு வெறியை இறக்குமா?

நம்பாதீர்கள். நேரம்தான் இறக்கும்.

கஞ்சா போட்ட லேகிய உருண்டை ஒன்று தின்றேன். அரை மணியாகியும் ஏறவில்லை என்று இன்னொன்று. விடியும்வரை சுவர் அசைந்தது. ஏன்? (நல்லூர்)

அவசரம்தான் காரணம். வாயால் போனது ஏற இரண்டு மணித்தியாலம்கூட எடுக்கும். ஈரலில் டிஎச்சி இன்னும் வீரியமாக மாறும், எட்டு மணித்தியாலம் வரை விடாது. இரண்டாவது உருண்டை ஏறும்போதுதான் முதலாவதும் உச்சத்தில் நின்றிருக்கும்.

மகனுக்கு 19. ஒரு வருடமாகப் பாவிக்கிறான். அயலார் தன்னைப் பற்றிக் கதைப்பதாக, டிவியில் தன்னைச் சொல்வதாகச் சொல்கிறான். செய்வினை என்று மூன்று மாதமாக நூல் கட்டிப் பார்த்தோம். கலியாணம் செய்துவைத்தால் சரியாகும் என்கிறார் மாமா. (வடமராட்சி)

அம்மா, மூன்று மாதம் நூலோடு போய்விட்டது. கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை, வைத்தியரிடம் காட்டிவிட்டுப் போங்கள். இழுத்த அன்று வரும் சந்தேகம் வெறி இறங்க அடங்கும். இழுக்காத நாளிலும் டிவி தன்னோடு பேசினால் அது வேறு விஷயம். கஞ்சா கிளப்பிவிட்டதா, உள்ளே இருந்த நோயை முன்னுக்கு இழுத்ததா என்று முதல் நாளே சொல்ல முடியாது. சுவீடனில் படைக்குச் சேர்க்கப்பட்ட 45,000 இளைஞரைத் தொடர்ந்து பார்த்து 1987இல் ஓர் ஆய்வு வந்தது. 18 வயதுக்கு முன் 50 தடவைக்கு மேல் பாவித்தவர்களுக்கு மனச்சிதைவு, பாவிக்காதவர்களைவிட ஆறு மடங்கு. எல்லோருக்கும் வராது. ஆனால் பெரியப்பா, மாமி என்று குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கலியாணம்! வருகிற பிள்ளை என்ன தாதியா? இப்படிக் கட்டிவைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மாமாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். பொடியனை இந்தக் கிழமையே தெல்லிப்பழை அல்லது யாழ் போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். எவ்வளவு, எவ்வளவு காலம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். டொக்டர் பொலிஸ் இல்லை. இரவில் அந்தரப்பட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கள்.

விட்டு ஐந்து நாள். நித்திரை இல்லை, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். (சுன்னாகம்)

முதல் கிழமை அப்படித்தான். இரண்டு கிழமையில் பெரும்பாலும் தணியும், நித்திரை திரும்பக் கொஞ்சம் சுணங்கும். "ஒன்று மட்டும்" என்று தொடாதீர்கள்.

மூலிகைதானே, ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

எட்டிக்காயும் மூலிகைதான். நீங்களும் வயது எழுதவில்லை.