காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் டர்போ கார், சூடானதும் அடம்பிடிப்பது ஏன்?

கேள்வி: பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். காலையில் சாவி திருப்பியதும் ஓடுகிறது. ஓட்டிவிட்டு அரைமணி நேரம் நிறுத்தினால் பத்து வினாடி ஸ்டார்ட்டரைச் சுற்றி கிராங்க் செய்தும் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஐடிலிங்கும் (நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். இதே தொல்லை என் காருக்கு வந்தபோது 4 பிளக், 4 காயில், ஒரு பேட்டரி என்று வரிசையாக வாங்கிப் போட்டேன். கார் அப்படியேதான் இருந்தது.

காலையில் சரியாக இருக்கிறது, சூட்டில்தான் தகராறு என்பதே பெரிய துப்பு. சூட்டிலும் ஸ்டார்ட்டர் அதே வேகத்தில் சுற்றுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டர் வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் பக்கத்தில் இருந்து, கிராங்க் செய்யும்போது 9.6-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடலாம். அதோடு கிராங்க் செய்யும் நேரத்தில், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் ஆர்.பி.எம். எவ்வளவு என்று பாருங்கள். எஞ்சின் சுற்றும்போதே பூஜ்யம் காட்டினால், எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரோ அதன் வயரோதான் முதல் சந்தேகம். சூட்டில் செத்து, ஆறியதும் உயிர் பெறுவது அந்த சென்சாரின் பழைய குணம்.

ஆர்.பி.எம். சரியாக வந்தால், காசே செலவில்லாத இரண்டு சோதனைகள் இருக்கின்றன. அடுத்த முறை அடம்பிடிக்கும்போது, கிராங்க் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுபோய் இரண்டு வினாடி வைத்து அணையுங்கள். மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் பம்ப் கொஞ்சம் அழுத்தம் ஏற்றும். உடனே பிடித்தால், நிறுத்தி வைத்த நேரத்தில் ரெயிலில் (பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு அதைக் கொண்டுபோகும் குழாய்) பெட்ரோல் அழுத்தம் கசிந்து போயிருக்கிறது. இன்னொரு நாள், ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டே கிராங்க் செய்து பாருங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் அப்போது கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். அதில் பிடித்தால், உள்ளே ஏற்கெனவே பெட்ரோல் தேங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

என் காரில் இரண்டுமே வேலை செய்தது. முதலில் குழம்பினேன். அப்புறம் ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டியதும் புரிந்தது. அணைத்தபோது 3 பார், கால் மணி நேரத்தில் 1 பாருக்கும் கீழே. மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன் உள்ள பழைய அமைப்பு என்பதால் குற்றவாளிகள் மூன்றே பேர்: பம்பின் செக் வால்வு (பெட்ரோல் பின்னால் ஓடாமல் தடுப்பது), ரெகுலேட்டர் (அழுத்தத்தைச் சீராக வைப்பது), இன்ஜெக்டர். அழுத்தம் ஏற்றி அணைத்தவுடன் பம்பிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கிளாம்பால் இறுக்கினேன், முள் இறங்கியது; பம்ப் குற்றவாளி இல்லை. ரிட்டர்ன் ஹோஸையும் சேர்த்து இறுக்கினேன், அப்போதும் இறங்கியது; ரெகுலேட்டரும் இல்லை. மிச்சம் இன்ஜெக்டர்தான். அது ஒழுகினால் ரெயிலில் அழுத்தமும் போகும், சிலிண்டரில் பெட்ரோலும் தேங்கும்; இரண்டு சோதனையும் வேலை செய்தது அதனால்தான். பிளக்குகளைக் கழற்றினால் மூன்று காய்ந்த பழுப்பு நிறம். மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் கருத்து, ஈரமாக, பெட்ரோல் நாற்றத்தோடு வந்தது. (கேஜ் மாட்டுவதையும் பிளக் கழற்றுவதையும் எஞ்சின் ஆறிய பிறகு, அழுத்தத்தை இறக்கிவிட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிளாஸ்டிக் லைனை நசுக்காதீர்கள், விரிசல் விடும். நேரடி இன்ஜெக்ஷன் கார் என்றால் உயர் அழுத்தப் பக்கம் கை வைக்கவே வேண்டாம்; அங்கே அழுத்தம் 100 பாரைத் தாண்டும்.)

ஐடிலிங் ஏறி இறங்குவதற்கும் ஸ்கேனரே போதும். ஃபியூவல் டிரிம் என்ற சதவீத எண்ணைப் பாருங்கள். பிளஸ் என்றால் கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. ஐடிலிங்கில் பிளஸ் 18, ஆனால் 2,500 ஆர்.பி.எம்.-இல் பிளஸ் 3 என்று இறங்கினால் கணக்கில் வராத காற்று எங்கோ நுழைகிறது. வெடித்த வாக்குவம் ஹோஸை (எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாயை) தேடுங்கள். ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து லோடு ஏறும்போது பிளஸ்ஸில் ஏறினால் பம்பையோ ஃபில்டரையோ பார்க்க வேண்டும். எனக்கு ஐடிலிங்கில் மைனஸ் 14 காட்டியது. ஒழுகும் இன்ஜெக்டருக்கு அது பொருத்தம்தான்.

நீங்கள் வாங்கியது பழைய கார் என்பதால் ஒன்று கேட்க வேண்டும்: முந்தைய ஓனர் அதில் என்னென்ன மாற்றியிருக்கிறார்? ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 'ப்ஷ்ஷ்' என்று காற்றை வெளியே துப்பும் வால்வு மாட்டியிருக்கிறாரா? உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கும் காரில் அந்தச் சத்தத்துக்கு ஒரு விலை உண்டு. சென்சார் எண்ணிய காற்றுக்குக் கணினி பெட்ரோல் விடும், காற்றோ வெளியே போய்விட்டிருக்கும். சிக்னலில் நிற்கப் போகும்போது ஐடிலிங் தொபுக்கென்று விழும், சில நேரம் அணைந்தே போகும். அந்த வால்வு இருந்தால், கம்பெனி வால்வைத் திரும்ப மாட்டிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தபின் மற்றதைத் தொடுங்கள்.