மக்களவையில் 'பாஸ்' ஆனதும் சட்டம் வந்துவிட்டதா?

கேள்வி: மாதவரத்தில் இரண்டு லோடு வேன் வைத்துத் தொழில் செய்கிறேன். எங்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளை முடித்துத் தரும் கன்சல்டன்ட் ஒருவர், "மக்களவையில் புதுச் சட்டம் பாஸ் ஆகிவிட்டது. டிரைவருக்கு ஒரு சான்றிதழ் கட்டாயம். அபராதம், பணம் சம்பந்தப்பட்ட சட்டம் என்பதால் மேல்சபைக்குப் போகவே தேவையில்லை. இந்த மாதத்துக்குள் வண்டிக்கு 8,000 ரூபாய் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். டிவியிலும் 'நிறைவேறியது' என்று ஓடியது. கொடுத்துவிடலாமா? மாநிலங்களவை என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை, நீங்களும் எழுதவில்லை. பெயர் சொல்லாமல் 'புதுச் சட்டம்' என்று பணம் கேட்பவரிடம் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மக்களவையில் நிறைவேறினால் பாதி வழி வந்திருக்கிறது, அவ்வளவுதான். மக்களவை நீங்களும் நானும் ஓட்டுப் போட்டு அனுப்பும் சபை. அதில் 543 பேர், தமிழ்நாட்டிலிருந்து 39 பேர். மாநிலங்களவைக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. நம் 234 எம்.எல்.ஏ.க்கள்தான் தமிழ்நாட்டின் 18 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு வருடப் பதவி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள், சபை மட்டும் கலையாது. ஒரு மசோதா இந்த இரண்டு சபைகளிலும் ஒரே வாசகத்தில் நிறைவேற வேண்டும். அப்புறம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல், அப்புறம் அரசிதழ். தமிழ்நாட்டில் இரண்டாவது சபையாக இருந்த சட்ட மேலவையை 1986-லேயே ஒழித்துவிட்டதால், கோட்டையில் ஒரு சபையில் நிறைவேறினால் போதும் என்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. டெல்லிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

உங்கள் தொழிலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத் திருத்த மசோதா 2017 ஏப்ரலில் மக்களவையில் நிறைவேறியது. அபராதமெல்லாம் பல மடங்கு ஏறிவிட்டது என்று அன்றைக்கே பேச்சு கிளம்பியது. நடந்தது வேறு. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு, அதாவது மசோதாவை அலசிப் பார்க்கும் எம்.பி.க்கள் குழுவுக்கு, அனுப்பியது. இழுத்துக்கொண்டே போய், 2019-ல் மக்களவையின் காலம் முடிந்ததும் மசோதாவே காலாவதி ஆனது. மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதா, மக்களவை கலைந்தால் அதோடு போய்விடும். புதிய மக்களவை வந்ததும் புதிதாக ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 2019 ஜூலையில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் சிறு திருத்தங்கள் செய்ததால் அது மறுபடி மக்களவைக்குத் திரும்பி வந்து ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல், செப்டம்பர் 1-ல் பல பிரிவுகள் அமல். அதற்குப் பிறகும், ரோட்டில் வசூலிக்கும் தொகையை மாநில அரசு தனியாக அறிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட தொகை நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில்தான். 2017-லேயே 'பாஸ் ஆகிவிட்டது' என்று யாரிடமாவது பணம் கொடுத்திருந்தால் அது யார் பைக்குப் போயிருக்கும்?

இரண்டு சபையும் தாண்டி ஒப்புதலும் கிடைத்த பிறகுகூட 'அமலுக்கு வரும் நாள்' என்று ஒன்று பாக்கி இருக்கும். டிரைவர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. விபத்தில் ஒருவர் இறந்து, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்லாமல் ஓடிப்போகும் டிரைவருக்குப் பத்து வருடம் வரை சிறை என்று அதில் இருந்தது. 2023 டிசம்பரில் இரண்டு சபைகளிலும் நிறைவேறி, ஒப்புதலும் கிடைத்தது. 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தச் சட்டம் 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தபோது இந்த ஒரு உட்பிரிவை மட்டும் அமல்படுத்தாமல் நிறுத்திவைத்தார்கள். புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது, அமலில் இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பயமுறுத்தித்தான் பலர் பிழைக்கிறார்கள்.

உங்கள் கன்சல்டன்ட் சொன்ன 'பணம் சம்பந்தப்பட்டது' என்ற விஷயத்துக்கு வருகிறேன். அரைகுறை உண்மை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பண மசோதா என்று ஒரு வகை உண்மையிலேயே இருக்கிறது. வரி விதிப்பது, அரசு கடன் வாங்குவது, அரசின் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுப்பது போன்றவற்றை மட்டுமே பற்றியது அது. மக்களவையில்தான் அறிமுகமாகும். மாநிலங்களவை அதைத் தடுக்க முடியாது. 14 நாட்களுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம், அதை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். 14 நாளில் திருப்பாவிட்டாலும் நிறைவேறியதாகவே கணக்கு. கவனியுங்கள்: பண மசோதாவும் மாநிலங்களவைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஒப்புதலும் வேண்டும், அரசிதழும் வேண்டும். உங்களுக்கு முக்கியமானது இன்னொன்று. அரசியல் சாசனத்தின் 110-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அபராதம் விதிக்கிறது, லைசென்ஸ் கட்டணமோ சேவைக் கட்டணமோ கேட்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு மசோதா பண மசோதா ஆகிவிடாது. டிரைவர் சான்றிதழுக்குக் கட்டணம், இல்லாவிட்டால் அபராதம் என்பதெல்லாம் இந்த வகையில்தான் வரும். ஆக அவர் சொன்ன காரணமே தப்பு.

எது பண மசோதா என்று முடிவு செய்பவர் மக்களவை சபாநாயகர். அதில் சர்ச்சை உண்டு. 2016-ல் ஆதார் சட்டத்தைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள், ஒரு நீதிபதி கடுமையாக மறுத்தார். மாநிலங்களவையைச் சுற்றிக்கொண்டு போக இப்படி ஒரு சந்து இருப்பது சரியில்லை என்பதுதான் என் கருத்து. மாநிலங்களின் குரல் கேட்க வேண்டும் என்றுதானே அந்தச் சபையையே வைத்தோம்?

எனக்கு ஆத்திரமே வருவது வேறொரு விஷயத்தில். மத்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. மாதவரத்தில் வேன் ஓட்டுபவர் மீது பாயும் சட்டம் அவர் வாசிக்கும் மொழியில் அதே நாளில் கிடைப்பதில்லை. 'மக்களவையில் நிறைவேறியது, இன்னும் சட்டமாகவில்லை' என்று டிவியில் ஒரு வரி கூடுதலாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? அரசு சொல்லாமல் விட்ட இடத்தில்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் புரோக்கர் உட்கார்ந்திருக்கிறார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சட்டத்தின் முழுப் பெயர், வருடம், எண் மூன்றையும் அவரிடம் ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். எண் இல்லை என்றால் அது இன்னும் மசோதாதான். எண் தந்தால், இந்திய அரசிதழின் இணையதளத்தில் இலவசமாகவே தேடி எடுக்கலாம்; வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் எடுத்துத் தரும். முதல் பிரிவை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். 'மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் நாளில் அமலுக்கு வரும்' என்று இருந்தால், அந்த அறிவிக்கை எங்கே என்று அவரைக் கேளுங்கள். அது வந்திருந்தாலும் கட்டணத்தை அரசின் பரிவாகன் தளத்தில் நீங்களே கட்டி, ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், எதற்காகக் கொடுத்தது என்று அவர் கையெழுத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள். திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம்.